கைமாறிய ஜீப்பின் சரித்திரம்

புதிதாகச் செய்த பொருளை வாங்குகிறவருக்கு அதைச் செய்தவரின் பெயரும் கீர்த்தியும் ஓரளவு உத்தரவாதமாக நிற்கும். பிறர் பல ஆண்டுகள் உபயோகித்து, அதன் உழைப்பையெல்லாம் அனுபவித்து, பிறகு விலைக்கு விடுகிற பொருளை வாங்குகிறவருக்கோ தம் கண்ணும் காதும் கையுமே துணை. மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம்மவர் இதை அறிந்திருந்தார்கள். மாட்டுச் சந்தையில் உதட்டை விலக்கிப் பார்த்து, இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, எட்டுப் பல்லும் முளைத்துத் தேயத் தொடங்கிவிட்டதா என்று வயதைக் கணித்து, சுழி பார்த்து, நடக்கவிட்டு, வண்டியில் பூட்டி இழுக்கவிட்ட பிறகே தரகரின் துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசும். நளன் கதையிலும் இந்த வித்தைக்கு ஓர் உயர்ந்த ஸ்தானம் உண்டு. பாகுகன் என்ற பெயரில் மறைந்து வாழும் நளன், ஒரே பகலில் விதர்ப்ப நாட்டை அடைய வேண்டிய இருதுபன்னனின் தேருக்கு மெலிந்து தோன்றும் குதிரைகளையே தேர்ந்தெடுக்கிறான். அவற்றின் புறத்தோற்றத்தைக் கண்டு அரசன் ஐயுற, பாகுகனோ சுழி முதலிய லக்ஷணங்களைக் காட்டி அவற்றின் வலிமையை விளக்குகிறான்.

இன்று எஸ்.யு.வி. என்று வழங்குகிற உயரமும் கனமும் வாய்ந்த வாகனங்களில் ஒன்றை, அது 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு வாங்க நினைக்கும் குடும்பத்தாருக்கும் வேண்டியது இதே வித்தைதான். பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல், ஒருவர் கையைப் பார்த்து மற்றொருவர் கற்றுக்கொண்டதாகவே வளர்ந்த இந்த ஞானம், ஜீப் என்னும் வாகனத்தைத் தொடர்ந்து யுத்தகளத்திலிருந்து பட்டறைக்கும் பட்டறையிலிருந்து மலைப்பாதைக்கும் வந்து சேர்ந்தது. ஆகையால் ஜீப் கைமாறிய சரித்திரத்தை அறிந்துகொண்டால், பழைய வாகனத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதோடு, ஏன் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

1940ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிரான்ஸ் தேசம் ஜெர்மானியரிடம் வீழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்த சமயத்தில், அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு அறிக்கை அனுப்பி, கால் டன் சுமை தாங்குவதும், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்ஜினின் சக்தி செல்வதுமான ஓர் இலகு வாகனத்தை மிகக் குறுகிய காலத்தில் செய்து தரும்படி கேட்டது. பென்ஸில்வேனியா மாகாணத்தில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் என்னும் சிறு கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்ஜினீயரின் உதவியோடு, விதிக்கப்பட்ட 49 நாட்களுக்குள் முதல் வாகனத்தைச் செய்து, செப்டம்பர் 23ஆம் தேதி ராணுவத்தினிடம் ஒப்படைத்தது. ஆயினும் யுத்தத்தின் பெருந்தேவைக்கு அந்தச் சிறு கம்பெனியின் சக்தி போதாதென்று கருதப்பட்டதால், வில்லிஸ்-ஓவர்லாண்ட், ஃபோர்டு ஆகிய இரண்டு பெரிய கம்பெனிகளும் இந்த வேலையில் இறங்கின. யுத்தம் முடிவதற்குள் அவை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம்; 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைசக்தியும் கொண்ட பெட்ரோல் எஞ்ஜின். கூரைக்குக் கித்தான் துணி: இவ்வளவுதான் அந்த வாகனம்.

ஜீப்பின் அமைப்பில் ஓர் அம்சம் பிற்காலத்துப் பரீட்சை முறைகளுக்கெல்லாம் மூலமாயிற்று. நீளவாட்டில் ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்த சேஸிஸ் ஒன்றே அந்த வாகனத்தின் முதுகெலும்பு. எஞ்ஜினும் அச்சுகளும் அதில் தாங்கி நிற்க, தகட்டு உடல் மேலே போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தது. இதனால் உடலைக் கழற்றி எறிந்து வேறு உடல் மாட்டலாம். எஞ்ஜினை இறக்கி வேறு எஞ்ஜின் ஏற்றலாம். ராணுவத்தின் பட்டறைகளிலேயே வில்லிஸ் எஞ்ஜின் ஃபோர்டு சேஸிஸிலும் ஃபோர்டு எஞ்ஜின் வில்லிஸ் சேஸிஸிலும் ஏறிவிட்டன. ஆகவே, பிற்காலத்தில் பழைய ஜீப்பை வாங்கியவர்கள் முதலில் குனிந்து முன்புறக் குறுக்குச் சட்டத்தைப் பார்க்கக் கற்றார்கள்: அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த தொட்டி வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு கம்பெனி தன் போல்ட்டுகளின் தலையிலும் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருந்தது. வர்ணம் என்ன சொன்னாலும் சட்டமும் போல்ட்டும் சொல்வதே சாட்சியம் என்ற முதல் பாடம் இங்கே பிறந்தது. தரைத்தகட்டின் அடியில் வலுவுக்காக வைத்த எஃகு வாய்க்கால்களுக்குள் மரச்சட்டம் அடைத்திருந்ததால், அந்த மரம் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மேலே பளபளக்கும் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும் என்பதும் அப்போதே அறியப்பட்டது. துரு பெரும்பாலும் நாம் பார்க்காத பக்கத்திலிருந்துதான் புறப்படுகிறது.

1945இல் யுத்தம் முடிந்ததும், உலகத்தின் பல பாகங்களில் ஆயிரக்கணக்கான ஜீப்புகள் வேலையற்று நின்றன. பிலிப்பைன்ஸ் தீவுகளில் மக்கள் அவற்றை வாங்கி, பின்பாகத்தை நீட்டி, எதிரெதிரே பலகை இருக்கைகள் அமைத்து, ஜீப்னி என்னும் பொது வாகனமாக்கினார்கள். குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்த லியோனார்டோ சராவோ என்பவர் 1953இல் அதற்கென்றே ஒரு தொழிற்சாலையை ஏற்படுத்தினார். பிரிட்டனில் ரோவர் கம்பெனியின் பிரதான எஞ்ஜினீயர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பிரதேசத்து ஆங்கிள்ஸி தீவில் இருந்த தம் பண்ணையில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை வைத்திருந்தார். அது தேய்ந்துபோனால் அதற்கு ஈடாக வேறொன்று கிடையாதே என்ற சிந்தனையிலிருந்து பிறந்த லாண்ட் ரோவர், 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த காலமாதலால் அதன் உடல் அலுமினியக் கலவையால் ஆயிற்று. சேஸிஸ் மட்டும் எஃகு. உடல் துருப்பிடிக்காததைக் கண்டு மகிழ்ந்த பலர், அதன் அடியில் பெட்டிவடிவச் சட்டத்துக்குள் நீர் தங்கி எஃகு கரைவதையும், அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் உலோகம் வெண்பொடியாக உதிர்வதையும் பிந்தியே கண்டுகொண்டார்கள். சட்டத்தின் அடிப்பாகத்தைச் சிறு சுத்தியலால் தட்டி, கணீரென்று ஒலிக்கிறதா, மந்தமாக ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் லாண்ட் ரோவர் வாங்குகிறவர்களிடையே வேரூன்றியதற்குக் காரணம் இதுதான்.

நம் தேசத்தில் ஜே. ஸி. மஹீந்திரா, கே. ஸி. மஹீந்திரா என்ற சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதும் கூடி 1945இல் ஆரம்பித்த கம்பெனி, 1947இல் வில்லிஸ் கம்பெனியிடமிருந்து 75 ஜீப்புகளைப் பாகங்களாகத் தருவித்துப் பம்பாயில் கோத்தது. பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகப் போய்விட, 1948இல் கம்பெனியின் பெயர் மஹீந்திரா அண்டு மஹீந்திரா என்றாயிற்று. காட்டிலாகா, போலீஸ், பொதுப்பணித்துறை, தேயிலைத் தோட்டம், தேர்தல் பிரசாரம் என்று ஜீப் நுழையாத துறை இல்லை என்னும்படியான ஒரு காலம் பிறந்தது.

அதே 1948இல், காஷ்மீரத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, சுதந்திர இந்தியாவின் சர்க்காரே பழைய ஜீப் வாங்குவதில் ஒரு கசப்பான அனுபவத்துக்கு உள்ளாயிற்று. லண்டனில் இந்திய ஹைகமிஷனராயிருந்த வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைக் கடந்து, பழுதுபார்த்துப் புதுப்பித்த ஜீப்புகளுக்காக ஓர் அந்நியக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தார். பணத்தின் பெரும் பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்தவையோ 155 வண்டிகள். அவையும் ராணுவம் ஏற்றுக்கொள்ளத்தக்க நிலையில் இல்லை. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் இது ஆராயப்பட்டு, பார்லிமெண்டில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டு, 1955 செப்டம்பர் 30ஆம் தேதி உள்நாட்டு மந்திரி கோவிந்த வல்லப பந்த் விஷயம் முடிந்துவிட்டதாக அறிவித்ததோடு ஓய்ந்தது. அரசியல் வாதங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதற்காக, கண்ணால் பார்க்குமுன் பணத்தைக் கொடுப்பவர் எவ்வளவு பெரிய ஸ்தானத்தில் இருந்தாலும் நஷ்டத்திலிருந்து தப்பமுடியாது என்ற பாடம் அதில் நிற்கிறது. புதுப்பித்த வண்டி என்று சொல்லப்படுவதைப் புது வண்டியைவிடக் கூர்மையாகப் பரீட்சிக்க வேண்டும் என்பது இதனோடு சேர்ந்த மற்றொரு பாடம்.

சர்க்கார் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்புகள் பட்டறைகளுக்கு வந்தபோது பரீட்சை முறை ஒரு கைத்தொழிலாகவே முதிர்ந்தது. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் பழைய ஜீப்புகளைப் பிரித்துப் புதிதாகக் கோக்கும் பட்டறைகள் பெருகின. சென்னைப் புதுப்பேட்டையில் கியர் பாக்ஸும் ஆக்ஸிலும் குவியல்களாகக் கிடந்து, அவற்றில் நல்லதைக் கையால் தடவியே பொறுக்குகிறவர்கள் தோன்றினார்கள். மேற்கு வங்காளத்தில் மானேபஞ்சங் என்ற ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு ஏறும் செங்குத்தான பாதையில், 1950களில் செய்யப்பட்ட லாண்ட் ரோவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரயாணிகளைச் சுமந்தன. போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில் ஏறும் ஜீப்புகளும் இந்த மரபைச் சேர்ந்தவையே. 1980களில் பேஷோ என்னும் பிரெஞ்சுக் கம்பெனியின் டீசல் எஞ்ஜின் மஹீந்திரா ஜீப்புகளில் ஏறியது. டீசலின் மலிவும் நீண்ட உழைப்பும் சேர்ந்து, ஒரு வண்டி மூன்று நான்கு உரிமையாளர்களைக் காணும் வழக்கத்தை உறுதிப்படுத்தின.

இத்தகைய பட்டறைகளிலும் மலையூர்களிலும் உருவான பரீட்சையின் க்ரமம் இது. முதலில் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சேஸிஸில் புதிய வெல்டிங் தழும்பு, நெளிவு, புதிதாகப் பூசிய கருப்புப் பெயிண்ட் இவை இருந்தால் விபத்தோ துருவோ மறைக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். தகட்டின்மேல் ஒரு சிறு காந்தத்தை நகர்த்திச் சென்றால், டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடத்தில் அது பிடிக்காமல் வழுக்கும். எஞ்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்ப்பது அத்தியாவசியம். முன்னதாகவே சூடேற்றி வைத்திருந்தால் மற்றொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புவதே விவேகம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். கறும்புகை டீசல் வேண்டியதற்கு மேல் செல்வதையோ காற்று குறைவதையோ காட்டும். வெண்புகை குளிரில் சற்றே வந்து மறைந்தால் பாதகமில்லை, சூடேறிய பிறகும் நீடித்தால் தண்ணீர் உள்ளே புகுகிறதென்று சந்தேகிக்க இடமுண்டு. ஓடும் எஞ்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை வேகமாகப் பீறிட்டால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்துவிட்டது.

அடுத்து, சக்தி சக்கரத்துக்குச் செல்லும் வழி. ஹாண்ட் பிரேக்கை இறுகப் பிடித்து, உயர்ந்த கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விட்டால் எஞ்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுழன்றால் கிளட்ச் வழுக்குகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பற்றித் திருகி ஆட்டம் பார்க்கலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாக அசைத்தால் பேரிங், கிங்பின் இவற்றின் தேய்மானமும், பக்கவாட்டில் அசைத்தால் ஸ்டியரிங் இணைப்புகளின் ஆட்டமும் கைக்குத் தெரிந்துவிடும். நான்கு சக்கர ஓட்டத்தைப் பரீட்சிக்க மண்தரையே தகுந்த இடம். உலர்ந்த தார் ரோட்டில் அதை ஈடுபடுத்தித் திருப்பினால் கியர்களுக்குள் வீணான இறுக்கம் ஏற்படும். லோ கியரில் லீவர் தானாக வெளியே துள்ளுகிறதா, முன் ஆக்ஸில் முனகுகிறதா என்று கவனிக்க வேண்டும். டயர்கள் ஒரே அளவில் இல்லாமல் நெடுநாள் நான்கு சக்கரத்தில் ஓடிய வண்டியின் டிரான்ஸ்பர் கேஸ் நிச்சயமாகத் துன்பப்பட்டிருக்கும். கடைசியில் ஒருவரை நேர்ச்சாலையில் ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால், பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே செல்கின்றனவா, விலகிச் செல்கின்றனவா என்பதிலிருந்து சேஸிஸின் நேர்மை புலப்படும்.

வாங்குகிறவர் முதலில் கேட்பது, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைத்தான். பட்டறை அனுபவஸ்தரோ அந்த எண்ணை எளிதில் நம்புவதில்லை. ஓடிய தூரத்தைக் கணக்கிடும் ஆசை மிகப் பழமையானது: ரோமாபுரிக் கட்டடச் சிற்பி விட்ரூவியஸ், ஒரு வண்டியின் சக்கரம் 400 தரம் சுற்றினால் ஒரு மைல் ஆகுமென்று கணித்து, மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டியில் விழும் யந்திரத்தைத் தம் நூலில் வர்ணித்திருக்கிறார். ஆனால் அந்தக் கற்களை எண்ணுவது எவ்வளவு எளிதோ, அவற்றில் சிலவற்றை எடுத்துவிடுவதும் அவ்வளவு எளிது. ஐந்து இலக்கம் மட்டுமே கொண்ட பழைய மீட்டர்கள் 99,999ஐத் தாண்டியதும் மீண்டும் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். கேபிளைக் கழற்றிவிட்டால் எவ்வளவு ஓடினாலும் எண் நகராது. அமெரிக்காவில் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவதை 1972இல் ஒரு தேசியச் சட்டமே தடைசெய்ய நேர்ந்தது. மீட்டர் இன்று மின்னணு மயமாகிவிட்டதால் அதை மாற்றும் கருவியும் மின்னணுக் கருவியாயிற்றே தவிர, தீங்கு நீங்கிவிடவில்லை. எனவே பெடலின் ரப்பர் தேய்ந்திருப்பதையும், ஸ்டியரிங் வளையம் கைபட்டு வழவழப்பாகியிருப்பதையும், டிரைவர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருப்பதையும், சர்வீஸ் ரசீதுகளில் வரிசையாக ஏறிவரும் எண்களையும் மீட்டரோடு ஒப்பிட வேண்டும். 3 லட்சம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, காலத்தில் ஆயில் மாற்றப்பட்டு, ஒரே டிரைவரின் கையில் இருந்த வண்டி, 1 லட்சம் கிலோமீட்டர் மலைப்பாதையில் அடிபட்ட வண்டியைவிடப் பலவகையிலும் சிறந்திருக்கக் கூடும்.

பரீட்சிப்பது விற்பவரை அவமதிப்பதாகும் என்று கூச்சப்படும் நல்ல மனிதர்கள் நம்மில் உண்டு. அவர்கள் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணரின் ஆராய்ச்சியை அறிய வேண்டும். மூன்று சஞ்சிகைகள் நிராகரித்த பின் 1970இல் வெளிவந்து, 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்குக் காரணமான அந்தக் கட்டுரையின் விஷயம் பழைய கார்களின் சந்தைதான். வண்டியின் குறையை விற்பவர் அறிவார், வாங்குகிறவர் அறியார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதவர் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் விலகுவார். அவர் விலகவே சந்தையில் கெட்டவை மிகுந்து, விலை மேலும் சரிந்து, எஞ்சியிருந்த நல்லவையும் வெளியேறும் என்று அகெர்லாஃப் காட்டினார். இதே கட்டுரையில், கடைத்தெரு அரிசியில் கலந்துவிட்ட கல்லை நம் தேசத்துப் பெண்கள் பொறுமையாகப் பொறுக்கியெடுப்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். இந்தத் தர்க்கத்தை மறுபக்கமிருந்து நோக்கினால், கூர்ந்து பரீட்சிக்கிறவரே நேர்மையான விற்பவருக்கு உற்ற துணை என்பது விளங்கும். அவருடைய கண்ணால்தான் நல்ல வண்டி நல்ல விலை பெறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவரோ தம் பணத்தை இழப்பதோடு, ஏமாற்றுகிறவருக்கு ஊக்கமும் அளித்துவிடுகிறார்.

1994இல் டாடா ஸுமோவும், 1998இல் டாடா ஸஃபாரியும், 2000இல் டொயோட்டா குவாலிஸும், 2002இல் ஸ்கார்ப்பியோவும் வந்த பிறகு, ஜீப்பின் கரடுமுரடான உழைப்போடு குடும்பத்தாரின் சுகமும் சேர்ந்து, இவ்வகை வாகனம் ஊர்தோறும் பரவியது. டர்போவும் கம்ப்யூட்டரால் இயங்கும் இன்ஜெக்டரும் வந்துவிட்டமையால், காதுக்கும் கண்ணுக்கும் துணையாக ஸ்கேனர் கருவி வைத்து, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்துள்ள பிழைகளைப் படிக்கவும் வேண்டியிருக்கிறது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்ஜினாயின் அது எப்போது மாற்றப்பட்டதென்று ரசீதோடு கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் எஞ்ஜினை மாற்றி ஏற்றும் ஜீப் காலத்து வழக்கத்தால் அவசியமாகிவிட்ட பரீட்சை ஒன்று இன்றும் சிறிதும் மாறவில்லை: சேஸிஸ் எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, அதையும் எஞ்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவது. எஞ்ஜின் மாறியிருந்தால் அது புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கடன் இருந்தால் அது தீர்ந்ததற்குப் பத்திரம் வேண்டும். 15 ஆண்டுப் பதிவு முடியும் தறுவாயில் இருந்தால் அதைப் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

யுத்தத்துக்கென்று செய்த ஒரு வாகனத்தை, அதைச் செய்தவர்கள் கனவிலும் எண்ணாத அளவு நீண்ட காலம் ஓடவைத்தவர்கள் உலகெங்குமுள்ள எளிய தொழிலாளிகள்; தேய்ந்ததையும் தேயாததையும் பிரித்தறிந்த அவர்களுடைய ஞானமே ஜீப்புகளைக் குப்பைமேட்டிலிருந்து காத்தது. ஆகையால் பழைய எஸ்.யு.வி. ஒன்றை வாங்கப் போகிறவர்கள், அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை அவருக்குரிய கூலியைக் கொடுத்து உடன் அழைத்துப் போக வேண்டும். அவர் பார்க்கும்போது தாமும் குனிந்து பார்த்து, ஏன் என்று கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால், வர்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். நல்லது என்று சொன்னால், மீட்டரில் நிற்கும் பெரிய எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விற்பவர் கேட்கும் நியாயமான விலையை மனமாரக் கொடுத்து வாங்கலாம்.